நாலு பேர் சஹன்

புதன்கிழமை விடியும் நேரத்தில் கட்டுநாயக்கவில் இறங்கினோம், நானும் என் பேத்தி நூராவும். அவளுக்கு எட்டு வயது. முன்வாயில் இரண்டு பல் இல்லை, முதுகில் முயல் காது வைத்த ஒரு பை. பாரிஸிலிருந்து தோஹா வழியாக வந்திருந்தோம். அத்தனை மணி நேரத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதை ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் மிஞ்சும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் மாத்தளைக்காரன். முப்பது வருடத்துக்கு மேலாகப் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். ஓய்வு பெறும் வரை உணவகச் சமையலறையில் வேலை, என் பிரெஞ்சும் அங்கே கற்றதுதான். சூடு, கத்தி, தள்ளி நில், சீக்கிரம், ஆறாம் மேசை சாப்பாடு எங்கே? அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை அதட்டலாம், கொஞ்ச முடியாது. நூராவின் உம்மா, என் மகனின் மனைவி, பாரிஸில் பிறந்த அல்ஜீரியக் குடும்பத்துப் பெண். நல்ல பெண், என் பருப்புக் கறிக்கு எப்போதும் இரண்டாம் முறை தட்டு நீட்டுவாள். ஆனால் அந்த வீடு முழுக்கப் பிரெஞ்சில்தான் ஓடுகிறது.

மூன்று வயது வரை நூரா எங்களிடம்தான் பகலில் இருந்தாள். என் மனைவியோடு தமிழில் வாயாடுவாள். பிறகு பள்ளிக்கூடம் போனாள், பால்பல் விழுவது போல ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. பல் திரும்ப முளைக்கிறது, சொல் முளைக்கவில்லை. இப்போது என்னை 'அப்பா' என்பாள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பாட்டனாருக்கு அதுதான் பெயர், தகப்பன் வாப்பா. அதற்கு மேல் 'வேணாம்', 'போதும்'. நான் அறிந்தவரை இருப்பு அவ்வளவுதான்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு வருடத்தில் பெரிய பிள்ளை ஆகிவிடுவாள். அப்போது என்னோடு கதைக்க அவளிடம் எதுவும் இருக்காது. பெருநாளைக்குக் காசு கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற கிழவனாக நான் ஆகிவிடுவேன். அதனால் ஒரு திட்டம் போட்டேன். பலாபத்வலவில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற என் தம்பி சாபிரின் கடைசி மகளுக்குக் கல்யாணம். அவனுக்கும் எட்டு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள், பெயர் ஹம்னா. இரண்டையும் இரண்டு வாரம் ஒரே முற்றத்தில் விட்டால் நூரா வாய் நிறையத் தமிழோடு திரும்புவாள்.

என் மனைவிக்கு இடுப்பு வலி, விமானத்தில் உட்கார முடியாது. ஆனால் வாசல் வரை நடந்து வந்து, "நீங்க போட்ட திட்டம் எது நடந்திச்சி?" என்று கேட்டுத்தான் எங்களை வழியனுப்பினாள்.

விமான நிலையத்திலிருந்து பலாபத்வலவுக்கு வான் வாடகை இருபத்துநாலாயிரம் ரூபாய், தூரம் நூற்று ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குருநாகல் தாண்டியதும் தென்னை குறைந்து வயல் விரிகிறது. கலேவெலயில் வானை நிறுத்தினோம். சந்தை நாள் இல்லாவிட்டாலும் வீதி ஓரமெல்லாம் பூசணியும் வெங்காயமும் குவிந்து கிடந்தன. வான் ஓட்டி வந்தவர் கலேவெலக்காரர், அவரும் தமிழ் பேசுகிற நம் ஆள்தான்.

"சேர், பேத்திக்கு செவ்விளநீ வெட்டச் சொல்லவா?"

"அவகிட்டயே கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். நூரா காயைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், "வேணாம்" என்றாள். வெட்டிய பிறகு ஒரு வாய் உறிஞ்சினாள், பிறகு காய் காலியாகும் வரை நிமிரவில்லை. இன்னொன்று வெட்டவா என்று கேட்டதற்கு வயிற்றைத் தடவி, "போதும்" என்றாள்.

"மகளுக்குத் தமிழ் நல்லாத்தான் ஈக்கிது" என்றார் வான்காரர். ஒரு காய் இருநூறு ரூபாய். அந்தப் பாராட்டுக்காகவே அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

கலேவெலயிலிருந்து உள்வீதியால் ஏறி, மலைகள் கிட்ட வரத் தொடங்கியதும் பலாபத்வல வந்துவிடுகிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பெருவீதி ஊரை இரண்டாகப் பிளந்து ஓடுகிறது, ஒரு பக்கம் தம்பியின் கடை, எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம். கடை வாசலில் படங்கு விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. தம்பி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் பின்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள்தான் ஹம்னா. என் முழுத் திட்டமும் அங்கே இரண்டு கால்களில் நின்றுகொண்டிருந்தது.

ஹம்னா நூராவை மேலும் கீழும் பார்த்தாள். தன் பாட்டனின் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டாள்: "மெயாகெ நம மொகக்த?"

இவள் பெயர் என்ன என்று கேட்கிறாள். சிங்களத்தில்.

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி மிளகைப் பார்த்தான்.

"அவ சிங்கள மீடியம் நானா" என்றான் கடைசியில். அண்ணனை எங்கள் பக்கம் நானா என்போம். "இங்க கிட்டடில நல்லாப் படிப்பிக்கிற ஸ்கூல் அதுதான். உம்மாவும் வாப்பாவும் படிப்புக்கு லேசா ஈக்கும்னு வீட்டுலயும் சிங்களத்துலதான் கதைப்பாங்க. என்னோட மட்டும் ரெண்டு வார்த்த தமிழ்ல சொல்லுவா, அதுவும் கடையில நிக்கும்போது."

"டேய், நான் ஐயாயிரம் மைல் தூரத்துல இருந்து இத நம்பித்தானே வந்தேன்!"

"நானா, நீங்க கடல் தாண்டித் தொலச்சீங்க. நாங்க ரோட்ட மட்டும்தான் தாண்டினோம்" என்று பள்ளிக்கூடத்தைக் காட்டினான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவிக்கு அன்றிரவு போனில் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது. அவள் சிரிக்கப்போகிற சிரிப்பு எனக்கு முன்கூட்டியே தெரிந்த சிரிப்பு.

வியாழனும் வெள்ளியும் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். பள்ளியில் படித்த ஆங்கிலம் இருவருக்கும் ஒரே நிமிடத்தில் தீர்ந்துபோனது. ஹலோ, வாட் இஸ் யுவர் நேம், ரெட், புளூ, கேட். பிறகு நூரா போனை எடுத்தாள். அவள் பிரெஞ்சில் சொன்னால் அது சிங்களத்தில் பேசும், ஹம்னா சிங்களத்தில் சொன்னால் பிரெஞ்சில் பேசும். ஒரு முறை அது என்ன சொன்னதோ, ஹம்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிளகுப் படங்கில் உருண்டாள், கால்வாசி மூட்டை மிளகு வீதிக்குப் போனது. தம்பி கத்தினான். விளையாட்டு நடந்தது, ஆனால் நடுவில் எப்போதும் அந்தப் போன் உட்கார்ந்திருந்தது. என் தமிழுக்கு அந்த முற்றத்தில் வேலையே இல்லை.

சனிக்கிழமை, கல்யாணத்துக்கு முதல் நாள், நானும் பிள்ளைகள் இருவரும் மரக்கறி எடுக்க நாவுலவுக்குப் போனோம். தம்பி சொல்லிவைத்த, காய்கறி பயிரிடுகிற கமக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். மாத்தளையிலிருந்து வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக முடிந்தது. டிக்கட் ஆளுக்கு நூறு ரூபாய்க்கு உள்ளே. வழியில் முதலில் மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், கொக்கோ, பாக்கு. நாலந்தை தாண்டினால் காற்றே காய்ந்துவிடுகிறது, வயலும் கத்தரியும் மிளகாயும் தொடங்குகின்றன. நாவுலவில் ஹம்னா ஒரு கத்தரிக்காயை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்து, கமக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு அந்தக் கூடையைத் தள்ளிவைத்து வேறு கூடை கொண்டு வந்தார். மூட்டைகள் லொறியில் வரும் என்று பேசிவிட்டுத் திரும்பப் பஸ் ஏறினோம்.

பாதி வழியில் நூரா கால்களைப் பின்னிக்கொண்டு என் கையைப் பிடித்து ஆட்டினாள். அந்த ஆட்டத்துக்கு எந்த மொழியும் தேவையில்லை. பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். வீதி ஓரத்தில் நல்ல கழிவறை எங்கே இருக்கும் என்பது மாத்தளைக்காரனுக்குத் தெரியும், வெளிநாட்டுக்காரர்களுக்காக வைத்திருக்கிற வாசனைத் தோட்டத்தில். ஏலம், கறுவா, சாதிக்காய் எல்லாம் ஒவ்வொரு மரமாகக் காட்டி, முடிவில் எண்ணெய் விற்கிற இடம்.

நூரா வெளியே வந்தபோது அங்கே வழிகாட்டியாக இருந்த ராஜேந்திரன் என்பவர், பிரெஞ்சுக்காரர் இருவரை அப்போதுதான் அனுப்பிவிட்டுத் திரும்பினார். அவள் உடுப்பில் இருந்த எழுத்தைப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவ்வளவுதான். நாலு நாளாகப் பூட்டியிருந்த குழாய் திறந்த மாதிரி கொட்டினாள். கறுவாப் பட்டையை உரித்துக் காட்டுகிறார், அவள் கேள்வி கேட்கிறாள், அவர் பதில் சொல்கிறார், இருவரும் சிரிக்கிறார்கள். பாரிஸ் பக்கமே போகாத மாத்தளை மனிதர் என் பேத்தியோடு கதைத்துக்கொண்டு போக, நான் பின்னால் ஹம்னாவையும் கூட்டிக்கொண்டு, நூராவின் முயல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சற்று நேரத்தில் அவர் என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பாப்பா ஒண்ணு கேட்டுச்சு. அப்பா ஏன் எப்பவும் எம்மேல கோவமா இருக்காங்கன்னு கேக்குது."

"எனக்கா? கோவமா? எப்ப?"

"சீக்கிரம், தள்ளி நில்லு, எங்கே அதுன்னு நீங்க எப்பவும் வெரட்டுறீங்களாம்."

நான் அவளிடம் அன்பாகச் சொன்னதாக நினைத்த அத்தனையும் அவளுக்கு அதட்டலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தமிழ் போய்விட்டது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, பிள்ளை ஆறாம் மேசைக்குச் சாப்பாடு சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"தம்பி" என்றேன், "கொஞ்சுறதுக்கு அவங்க பாஷையில என்ன சொல்லுவாங்க?"

"மா ப்யூஸ்னு சொல்லுங்க ஐயா. என் தெள்ளுப்பூச்சின்னு அர்த்தம்."

"பூச்சியா?"

"அங்க புள்ளைங்கள அப்படித்தான் கொஞ்சுவாங்க. வெள்ளைக்காரங்க குடும்பம் குடும்பமா வர்றாங்கல்ல, காதால கேட்டது. நம்பிச் சொல்லுங்க."

முப்பது வருடம் பிரான்சில் இருந்துவிட்டு, இனிமையான பிரெஞ்சை மாத்தளை வீதியோரத்தில் ஒரு சாதிக்காய் மரத்தடியில் கற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று மாலை நூராவின் தலையைத் துவட்டும்போது துணிந்து சொன்னேன். அவள் துவாய்க்குள்ளிருந்து மெதுவாக முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு பல் இல்லாத இடம் முழுக்கத் தெரியச் சிரித்தாள். நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முற்றத்தில் பந்தல், கீழே பாய், பாயின் மேல் வெள்ளைத் துணி. எங்கள் கல்யாணங்களில் தனித்தனித் தட்டு கிடையாது. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோறு குவித்து வரும், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருப்பது அவரவருக்கு. எல்லாரும் முடிக்கும் வரை யாரும் எழும்பக் கூடாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சின்னப் பிள்ளைகள் எங்கேயும் உட்காரலாம்.

நூரா கூட்டத்தைப் பார்த்து மிரண்டு என் கையை விடவில்லை. அதைப் பார்த்து ஹம்னாவும் தன் பாட்டன் மடியை விடவில்லை. ஆகவே எங்கள் சஹனில் நாலே பேர், இரண்டு கிழவர்களும் இரண்டு பிள்ளைகளும். கெண்டியால் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினார்கள். மூடியைத் திறந்ததும் நெய்ச்சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. மேலே இறைச்சிக் கறி, கத்தரிக்காய், அச்சாறு, பொரித்த கோழி ஆறு துண்டு.

ஆறு பேருக்கான துண்டு, ஆள் நாலு. ஆளுக்கொன்று போக இரண்டு மிச்சம். கிழவர்கள் விட்டுக்கொடுத்தோம், பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுக்கட்டும் என்று. ஆனால் ஒன்று கொழுத்த கால், மற்றது சூம்பிப் போன செட்டை.

பாரிஸில் நூராவுக்குப் பள்ளிச் சாப்பாடு கூடத் தட்டத்தில் பிரித்துப் பிரித்து வரும். அவள் விரலால் சோற்றில் ஒரு கோடு கிழித்துத் தன் எல்லையைக் காட்டியிருந்தாள். கால் துண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் தொடங்கி இந்தப் பக்கம் முடிந்தது. ஹம்னா அதை எடுத்தாள். நூரா பிரெஞ்சில் பொரிந்தாள். ஹம்னா சிங்களத்தில் பொரிந்தாள். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நூரா பழக்கத்தில் போனுக்காகப் பையைத் தேடினாள். பை வீட்டுக்குள் இருந்தது, கையில் மணிக்கட்டு வரை நெய். எழும்பப் பார்த்தாள், ஹம்னா அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சஹனிலிருந்து எழும்பக் கூடாது என்பது அவளுக்கு எந்த மீடியத்திலும் தெரியும்.

அப்போதுதான் நூரா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "சும்மா கத்தாதீங்க!"

தமிழில். என் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. அந்தச் சொல் மட்டுமல்ல, குரல், கழுத்தை வெட்டிய வெட்டு எல்லாம் என் மனைவி.

ஹம்னா வாயைப் பிளந்தாள். பிறகு கால் துண்டைக் கையில் தூக்கி எடை பார்த்தாள், செட்டையை மறுகையில் தூக்கிப் பார்த்தாள். "இது பாரம் கூட ஈக்கிது" என்றாள், தம்பி கடையில் மிளகு மூட்டைக்கு முன்னால் நிற்கிற அதே முகத்தோடு. "அது நனஞ்ச சரக்கு. வெல கட்டாது."

"நீங்க சொன்னா சரியா?" என்றாள் நூரா. அதுவும் என் மனைவியின் வசனம், அடுத்து வழக்கமாக வருவது.

"எனக்கு நட்டம்!"

"அல்லாஹ்வே, இந்த மனுசனோட ஏலாது!" என்று நூரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் சோறு.

தம்பிக்குப் புரை ஏறிவிட்டது. பக்கத்துச் சஹன்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு சோபாவில் நானும் மனைவியும் நாள் முழுக்கச் சண்டை போடும்போது, இவள் நடுவில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படம் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தோம். ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதற்கும் போதுமான சண்டையை மடித்து வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஹம்னா ஒரு மிளகுக் கடையையே வைத்திருந்தாள்.

"பாதி பாதி" என்றாள் ஹம்னா கடைசியில். "இதுக்கு மேல இல்ல."

நூரா யோசித்துப் பார்த்து, "சரி, போதும்" என்றாள். கால் துண்டை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிய்த்தார்கள்.

பிறகு செட்டை மிஞ்சியது. நூரா அதை எடுத்து, தன் கோட்டைத் தானே அழித்துக்கொண்டு, என் பக்கத்துச் சோற்றில் வைத்தாள்.

"தின்னுங்க அப்பா. சும்மா பாத்துட்டு ஈக்காதீங்க, ஆறிப் போகுது."

தின்றேன். ஆயுளில் நான் தின்ற கோழியில் அதுதான் மிகச் சின்னது.

அதற்குப் பிறகு மிச்ச நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போன் பைக்குள்ளேயே கிடந்தது. பிள்ளைகள் இருவரும் காலையிலிருந்து மாலை வரை ஒரு கிழட்டுத் தம்பதியும் ஒரு வியாபாரியும் சேர்ந்த தமிழில் சண்டை பிடித்தார்கள், சொல் கிடைக்காத இடத்தில் தம்பியிடமும் என்னிடமும் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பி மகள், ஹம்னாவின் உம்மா, அதைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஹம்னா, சோறு தின்ன வாங்க" என்று தமிழில் கூப்பிட்டாள். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

புறப்படும் நாள் அதே வான், அதே வாடகை. கலேவெலயில் நூரா தானே இறங்கி இளநீர்க்காரரிடம் போனாள். காயைத் தட்டிப் பார்த்து, "வெல கட்டாது" என்றாள். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது போல, சிரித்துக்கொண்டு பெரிய காயாக வெட்டினார்.

விமானத்தில் அவள் தூங்க மறுத்தபோது, "மா ப்யூஸ்" என்றேன். என் தோளில் சாய்ந்தாள். எனக்கு நன்றாக விளங்கியது, இந்த இரண்டு வாரத்தில் அவள் முழுத் தமிழ் ஒன்றும் கற்றுவிடவில்லை. ஹம்னாவுக்கு நாளை மறுபடியும் பள்ளி, இவளுக்கு செப்டம்பரில் பள்ளி. பலாபத்வலவுக்கும் பாரிஸுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கேயும் இங்கேயும் வீதியைத் தாண்டினால் வேறு மொழி. ஆனால் ஞாயிறு தோறும் ஹம்னாவோடு போனில் சண்டை பிடிப்பதாக ஒப்பந்தமாகியிருக்கிறது. அதற்குச் சரக்கு வேண்டுமே. எங்கள் சோபாவுக்குத்தான் வரவேண்டும்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்ன, உங்கட திட்டம் நடந்திச்சா?" என்றாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல், சஹன் கதையைத் தொடக்கத்திலிருந்து உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன்.

எனக்குப் பின்னால் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த நூரா, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சும்மா கத்தாதீங்க."

மனைவி நூராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு இவளுக்கு இதச் சொல்லிக் குடுத்த?"

"நீதான்" என்றேன்.